பன்னிரண்டு எழுத்துக்குப் பட்ட பாடு

பிஎஸ்5, அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் மெஷின், வீட்டுக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் 980 ரூபாய் தண்டம் அழுதாயிற்று. மொரீஷியஸ் ரூபாய். இந்தியக் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காசுக்கு காத்ர் போர்ன் சந்தையில் எத்தனை பை காய்கறி வந்திருக்கும் என்று இன்னும் மனசு அரிக்கிறது.

மெஷின் இவருடைய ஆபீஸில் ஒருவர் நாட்டை விட்டுக் கிளம்பும்போது விற்றது. டிஜிட்டல் எடிஷன், டிஸ்க் போடும் வாய் கிடையாது. எல்லாமே டவுன்லோடுதான். மொரீஷியஸோ பிளேஸ்டேஷனின் நாடுகள் பட்டியலிலேயே இல்லை. தென்னாப்பிரிக்கா இருக்கிறது, நாங்கள் இல்லை. அதனால் இந்த ஊரில் பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்கள் வேறு ஏதாவது ஒரு நாட்டுக்காரராக வேஷம் கட்டித்தான் அக்கவுண்ட் திறக்கிறார்கள். விதிப்படி சுத்தமான வழி இல்லை, தெரியும். வேறு வழியும் இல்லை. எங்களுக்கு அந்த வேலையைச் செய்துகொடுத்தது பக்கத்து வீட்டு அக்காவின் தம்பி. பக்கத்துத் தீவான ரீயூனியனில் வேலை, புது வருஷத்துக்கு வந்திருந்தார். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். எந்த நாடு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

எங்கள் வங்கிக் கார்டை பிளேஸ்டேஷனின் ஆன்லைன் ஸ்டோரில் போட்டுப் பார்த்தேன், ஏற்கவில்லை. கார்டின் நாடு ஒன்று, அக்கவுண்டின் நாடு ஒன்று என்றால் பெரும்பாலும் இதுதான் கதி. அப்போதுதான் வெளி ஆன்லைன் கடைகளில் கேம் வாங்கலாம் என்ற யோசனை வந்தது.

2024 ஜனவரி 15. பெலால் புயல் நாள். போர்ட் லூயிஸில் வெள்ளத்தில் கார்கள் மிதந்த வீடியோக்கள் போனில் வந்து குவிந்தன. வீட்டை விட்டு வெளியே கால் வைக்க முடியாது. பையன் காலையிலிருந்து ஒரே ஜபம்: கால்பந்து கேம், கால்பந்து கேம். இந்த ஊர்ப் பிள்ளைகள் பிறக்கும்போதே மான்செஸ்டரா லிவர்பூலா என்று முடிவு செய்துகொண்டு பிறக்கிறார்கள், இரண்டு வருஷத்தில் இவனுக்கும் அது தொற்றிவிட்டது. சரி, தொல்லை விட்டது என்று ஒரு தளத்தைத் திறந்தேன். பலர் கடை போட்டு விற்கும் தளம். பிளேஸ்டேஷன் ஸ்டோர் விலையில் பாதிகூட இல்லை, 16.99 யூரோ. கேம் படம், அதன்மேல் பிஎஸ்5 என்ற முத்திரை, பக்கத்தில் விற்பவருக்கு 98 சதவீத நல்ல பெயர். பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால் அது 19.90 ஆகி நிற்கிறது, முதலில் சொன்ன 980 ரூபாய் இதுதான். சேவைக் கட்டணம் கொஞ்சம், அதற்குமேல் நான் கேட்காமலே டிக் போட்டு வைத்திருந்த ஏதோ ஒரு உறுப்பினர் திட்டம். அந்த டிக்கை எடுத்திருக்க வேண்டும். மாதா மாதம் சந்தா பிடிக்கும் சமாச்சாரம் அது. அன்று அவசரத்தில் கவனிக்கவில்லை, மறுநாள் இவர் பார்த்து ரத்து செய்தார்.

ஐந்தே நிமிஷத்தில் மெயில் வந்தது. ஸ்டோரில் தட்டினால் கேம் கிடைக்கும் ரகசியக் குறியீடு, அதாவது கோடு வரும் என்று பார்த்தால், வந்தது யாரோ ஒருவருடைய இமெயில் முகவரியும் பாஸ்வேர்டும். கூடவே வழிமுறை: மெஷினில் புதிதாக ஒரு யூசரைச் சேர்த்து இந்த விவரத்தால் உள்ளே போ, கேமை இறக்கு, பிறகு உன் சொந்த யூசரில் விளையாடு, பாஸ்வேர்டை மாற்றாதே. எனக்கு அப்போதே கொஞ்சம் உறுத்தியது. இன்னொருத்தர் வீட்டுச் சாவியைக் கொடுத்து, உள்ளே போய் உட்கார், பூட்டை மட்டும் மாற்றாதே என்கிற மாதிரி இருந்தது. ஆனால் கேம் இறங்கியது, ஓடியது, பையன் துள்ளினான். உறுத்தலை மூட்டை கட்டி வைத்தேன்.

ஆறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, கேம் படத்தின் மூலையில் சின்னதாக ஒரு பூட்டு. அழுத்தினால் திறக்கவில்லை. அந்த யூசரில் போய்ப் பார்த்தேன், பாஸ்வேர்டு தவறு என்கிறது. யாரோ மாற்றிவிட்டார்கள். தளத்தில் புகார் போட்டேன். முதலில் பதில் சொன்னது மனிதன் இல்லை, அது எனக்கே புரிந்தது. என்ன கேட்டாலும் ‘உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது’ என்றது. கடைசியில் வந்த ஆள் ஒரே வரியில் முடித்தார்: விவரங்களை நாங்கள் அனுப்பிய அன்று அவை வேலை செய்தன, ஆகவே ஆர்டர் நிறைவேறியது. டிக்கெட் மூடப்பட்டது.

திரும்ப அந்த விற்பனைப் பக்கத்துக்குப் போனேன். விலைக்குக் கீழே, சாம்பல் நிறத்தில், எறும்பு அளவு எழுத்தில் ‘அக்கவுண்ட்’ என்று இருக்கிறது. நான் கண்ணாடி போடாமல் வாங்கியிருக்கிறேன்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. 2019 ஏப்ரல் 1 முதல் முழு கேம்களுக்கான டவுன்லோடு கோடுகளை வெளிக்கடைகள் மூலம் விற்பதை சோனி நிறுத்திவிட்டது. வாலட்டில், அதாவது அக்கவுண்டின் பணப்பையில், பணம் ஏற்றும் கார்டுகள், கேமுக்குள் வாங்கும் கூடுதல் சமாச்சாரங்கள் இவைதான் கடைகளுக்கு மிச்சம். எக்ஸ்பாக்ஸ், நிண்டெண்டோ கேம்கள் பலவற்றுக்கு வெளிக்கடைகளில் கோடு கிடைக்கிறது, பிளேஸ்டேஷன் கதை வேறு. ஆக, எங்கேயாவது ஒரு பிஎஸ்5 கேம் பாதி விலைக்கு ‘உடனடி டெலிவரி’ என்று தொங்கினால், பெரும்பாலும் அது கோடு இல்லை, எவருடைய அக்கவுண்டோ. ஒரே அக்கவுண்டை எத்தனை பேருக்கு விற்றார்களோ, யார் கண்டது.

திங்கட்கிழமை வங்கிக்குப் போனேன். டோக்கன் எடுத்து ஒன்றரை மணி நேரம். கவுண்டரில் இருந்த பெண் என் கதையை முழுசாகக் கேட்கவே இல்லை. திரையைப் பார்த்தபடியே, ‘ஓடிபி நீங்கள்தானே போட்டீர்கள் மதாம்?’ என்றார். ஆமாம். ‘அப்படியென்றால் நீங்களே அனுமதித்த செலவு.’ பொருள் சரியில்லையே என்றேன். ஒரு படிவத்தை நீட்டினார். விற்றவரின் பெயர், முழு முகவரி, தொலைபேசி எண். தளத்தில் அந்த ஆளுக்கு இருந்தது ஒரு நரிப் படமும் நாலு எண்ணும்தான். நரியின் முகவரியை எங்கே போய்த் தேடுவது? படிவத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இன்னும் பையில்தான் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மெட்ரோ ஏறி ரோஸ் ஹில். அங்கே ஒரு சின்ன கேம் கடையில் வாலட் கார்டு விற்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருந்தார். கடைப் பையன் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ‘பேனா’ என்றான்.

இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு மருந்துக் கடையில் இதே சொல்லைக் கேட்டு, பையைத் துழாவி எழுதும் பேனாவை எடுத்து நீட்டியவள் நான். கிரியோலில் பேனா என்றால் ‘இல்லை’. பையன் இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பான். இந்த முறை பேனாவை எடுக்கவில்லை. வேறு என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, அமெரிக்க டாலர் கார்டு மட்டும்தான் என்றான். என் அக்கவுண்டில் அது ஏறுமா என்றேன். ‘மோ பா கொனே.’ தெரியாதாம். விற்கிறவனுக்கே தெரியாது. இருந்தாலும் அவன் ஒரு நல்ல காரியம் செய்தான், ஏறும் ஏறும் என்று சொல்லித் தலையில் கட்டவில்லை.

அன்று ராத்திரி வேறொரு ஆன்லைன் கடையில், இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு, டிக்கெல்லாம் எடுத்துவிட்டு, வாலட் கார்டுதானா என்று மூன்று முறை படித்து, 50 பவுண்டு கார்டு ஒன்று வாங்கினேன். கிட்டத்தட்ட 2,900 ரூபாய். ஏன் பவுண்டு என்று கேட்காதீர்கள். மொரீஷியஸ் பிரிட்டிஷ்காரர்கள் ஆண்ட ஊர், இங்கே எல்லாரும் லண்டன் அக்கவுண்ட்தான் வைத்திருப்பார்கள் என்று நானாக ஒரு கணக்குப் போட்டிருந்தேன். ‘கோடைக் காட்டு’ என்ற பொத்தானை அழுத்தினேன். பன்னிரண்டு எழுத்து, நாலு நாலாக. ரிமோட்டால் ஒவ்வொன்றாகத் தட்டினேன். கோடு சரியில்லை என்றது. பூஜ்யமா ஓ-வா என்று மாற்றிப் போட்டேன். சரியில்லை. ஒன்றா ஐ-யா? சரியில்லை. எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

பையன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். “அம்மா, ஸ்டோர்ல எல்லாத்துக்கும் யூரோதானே போட்டிருக்கு?” என்றான்.

ஆமாம். மூன்று வாரமாக அந்த யூரோ குறி என் கண் முன்னால்தான் இருந்தது. மெனுவில் பாதி பிரெஞ்சு. ரீயூனியன் பிரான்ஸைச் சேர்ந்த தீவு, அங்கே ஓடுவது யூரோ, அந்தத் தம்பி தனக்குப் பழக்கப்பட்ட மாதிரி பிரான்ஸ் அக்கவுண்ட்டைத் திறந்து கொடுத்திருக்கிறார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. பிரான்ஸ் அக்கவுண்டில் பிரிட்டன் கார்டு ஏறாது. திறந்த அக்கவுண்டின் நாட்டைப் பிறகு மாற்றவும் முடியாது. கடைக்கு எழுதினேன். கோடைத் திறந்து பார்த்துவிட்டால் பணம் திரும்பாது, அதுவும் பொத்தானுக்குக் கீழேயே எழுதியிருந்ததாம்.

யாராவது வாங்கப் போகிறீர்கள் என்றால் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். கார்டு வாங்கும் முன்னால் அக்கவுண்ட் பக்கத்தில் நாடு என்ற வரியைப் பாருங்கள், ஊகிக்காதீர்கள். நாடு ஒத்துப்போகிறது என்று உறுதியாகும்வரை கோடைத் திறக்கும் பொத்தானைத் தொடாதீர்கள். திறக்கும்போது போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பயன்படுத்திய கோடை ஏமாற்றிக் கொடுத்தால் பேசுவதற்குக் கையில் ஏதாவது இருக்கும்.

மணி பதினொன்று. இவர் தூங்கிவிட்டார். காவடிக்கு விரதம், பால் பழம் தவிர எதுவும் இல்லை, எனக்குத் தலை சுற்றியது பசியிலா கோபத்திலா தெரியவில்லை. 2,900 ரூபாயையும் விட்டுவிட்டுப் படுக்க மனசு வரவில்லை. அப்போதுதான் அந்த மோசடிக்காரன் அனுப்பிய வழிமுறை ஞாபகத்துக்கு வந்தது. ஒரு யூசரில் வாங்கிய கேமை அதே மெஷினில் இன்னொரு யூசர் விளையாடலாம். அவன் அதைத்தான் செய்யச் சொன்னான். அவனுடைய அக்கவுண்ட்டுக்குப் பதிலாக என்னுடையதே இருந்தால்?

புதிதாக ஒரு இமெயில் முகவரி திறந்தேன். பிளேஸ்டேஷனில் இரண்டாவது அக்கவுண்ட், நாடு பிரிட்டன். வேஷம்தான், இருக்கட்டும். உள்ளே போய்க் கோடைத் தட்டினேன். ஒரு வட்டம் சுற்றியது. அப்புறம் திரையில் 50.00 பவுண்டு.

சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன், இவர் எழுந்து வந்து பார்த்தார்.

மற்றதெல்லாம் சுலபம். ஜனவரித் தள்ளுபடியில் கேம் 34.99. வாங்கினேன், இறக்கினேன். அந்த பிரிட்டன் யூசரில் செட்டிங்ஸுக்குப் போய், மெஷினைப் பகிர்ந்துகொள்ளும் வசதி இயங்குகிறதா என்று பார்த்தேன். இயங்கியது. பையனுடைய பழைய யூசரில் பூட்டு இல்லாமல் கேம் திறந்தது. இந்த வசதியை ஒரு அக்கவுண்ட்டுக்கு ஒரு பிஎஸ்5-இல் மட்டும்தான் வைக்கலாம். விற்றவன் அதை வேறொருத்தர் மெஷினுக்கு மாற்றியிருப்பான், அதனால்தான் எங்கள் வீட்டில் பூட்டு விழுந்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது. அந்த ஆளின் யூசரை மெஷினிலிருந்து அழித்தேன். அழிக்கும்போது ஒரு தனி சுகம்.

வியாழக்கிழமை காவடி. கோர் தெ கார்த் மலைக் கோயிலில் கூட்டத்தில் நிற்கும்போது பக்கத்து வீட்டு அக்கா, ‘கேம் வந்துதா?’ என்று கேட்டார். வந்தது என்று மட்டும் சொன்னேன், விரதத்தில் அதற்குமேல் சொன்னால் வாயில் நல்ல வார்த்தை வராது.

வாலட்டில் 15.01 பவுண்டு மிச்சம் கிடக்கிறது. பையன் நேற்று வந்து, கேமுக்குள் பாயிண்ட் வாங்கித் தா, அதுதான் காசு இருக்கே என்றான். பாயிண்ட் வாங்கினால் வாங்கிய அக்கவுண்டில்தான் சேரும், உன் யூசருக்கு வராது என்று விளக்கிப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை. கடைசியில் பொறுமை போய், “பேனா” என்றேன்.

அறைக்குள் ஓடிப்போய் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து ஒரு பேனாவை எடுத்து வந்து என் முன்னால் நீட்டுகிறான், படவா.