கோர்தோபாவுல ஒரு நாரத்தை மரம்

தம்பி மாட்ரிட்ல வேலைக்குப் போய் மூணு வருஷம் ஆச்சு, அம்மா போன மார்ச்சுலதான் முதல் தடவையா அவன் வீட்டைப் பாக்கப் போனாங்க, துணைக்கு நான். அவனுக்கு லீவு கிடைக்கல, அதனால நாங்க ரெண்டு பேர் மட்டும் மூணு நாள் ஸ்பெயினோட தெற்குல இருக்கற கோர்தோபா போயிட்டு வந்தோம். ஏன் பார்சிலோனா போகல, கிரனாடா போகலன்னு இங்க வந்ததுல இருந்து எல்லாரும் கேக்கறாங்க. அம்மாவுக்கு முட்டி வலி, பத்து ஊரு ஓடறதுக்கு ஒரே ஊர்ல மெதுவா சுத்தலாம்னு தோணுச்சு, அவ்ளோதான்.

மாட்ரிட் அத்தோச்சா ஸ்டேஷன்ல ஏர்போர்ட் மாதிரி பையை ஸ்கேன் பண்ணித்தான் ரயில் ஏற விடறாங்க. தூரம் என்னமோ சென்னையில இருந்து பெங்களூரு போற அளவுதான், ஒண்ணே முக்கா மணி நேரத்துல கொண்டு போய் இறக்கிட்டான். அம்மா சம்படத்துல கட்டிக்கிட்டு வந்த புளியோதரையைத் திறக்கவே இல்ல.

அந்த ஊர்ல பாக்க வேண்டியது மெஸ்கீத்தா, பழைய பெரிய மசூதி, இப்ப கதீட்ரல். ஞாயிறு தவிர மத்த நாள் காலையில எட்டரையில இருந்து ஒன்பதரை வரைக்கும் டிக்கெட் இல்லாம விடுவாங்க, பேசாம பாக்கணும், அந்த நேரத்துல கைடு வச்சுக்கிட்டு வர்ற கூட்டத்தை விடறதில்ல. திங்கக்கிழமை காலையில எட்டேகாலுக்கே வாசல்ல நின்னோம், குளிருன்னா குளிரு, அம்மா புடவை மேல ரங்கநாதன் தெரு ஸ்வெட்டர், அதுக்கு மேல தம்பியோட கோட்டு, கால்ல ஷூ.

உள்ள போனதும் இருட்டு, கண்ணு பழகினப்புறம் தூண், தூண், எந்தப் பக்கம் திரும்பினாலும் தூண். இப்ப 856 இருக்குதாம். 785 வாக்குல முதல் அப்துர் ரஹ்மான் கட்ட ஆரம்பிச்சது, டமாஸ்கஸ்ல குடும்பத்தோட ஆட்சி போய் உயிர் தப்பி ஓடி வந்து இங்க ராஜாங்கம் பிடிச்ச ஆளு. அவரு புதுசா தூண் செதுக்கிக்கிட்டு உக்காரல, இடிஞ்சு கிடந்த ரோமன் கட்டடம், அதுக்கப்புறம் இந்த நாட்டை ஆண்ட விசிகோத் ஆளுங்களோட கட்டடம்னு எங்கெங்க தூண் இருந்துச்சோ எடுத்து வந்து நட்டிருக்காங்க, அதனால ஒண்ணு கருஞ்சாம்பல், ஒண்ணு ரோஸு, ஒண்ணு வழுவழு, இன்னொண்ணுல திருகு வரி, ஒண்ணு ஒரு உயரம் இன்னொண்ணு ஒரு உயரம். சிலதுக்கு அடியில பீடம் இருக்கு, சிலது அப்படியே தரையில நிக்குது. ஆனா எல்லாமே குட்டைத் தூண், இவ்வளவு பெரிய ஹாலுக்கு அந்த உயரத்துல கூரை போட்டா மூச்சு முட்டும், அதனால ஒரு வளைவு மேல இன்னொரு வளைவுன்னு ரெண்டடுக்கா தூக்கிட்டாங்க. பேசக்கூடாதுன்னு சொல்லியும் அம்மா என் காதுல, "பந்தக்கால் பத்தலன்னா செங்கல்லு வச்சு ஏத்துவாங்கல்ல, அந்த வேலைதான்"னாங்க. எனக்கு ரெண்டு பக்க கட்டுரையில புரியாதது அதுல புரிஞ்சுது.

போட்டோவுல பாக்கறோமே அந்த சிவப்பு வெள்ளைப் பட்டை, பழைய பகுதியில அது நிஜமாவே செங்கல்லும் கல்லும் மாத்தி மாத்தி வச்சது. 10ஆம் நூற்றாண்டு கடைசியில அல் மன்சூர்னு ஒரு மந்திரி கிழக்குப் பக்கம் எட்டு வரிசை சேத்து இழுத்துக் கட்டினாரு, அங்க எல்லாமே கல்லுதான், சிவப்பு வெறும் பெயிண்ட். கிட்டப் போய் நின்னா சாயம் உதிர்ந்து கீழ கல்லு தெரியுது. அவசர காரியம் அந்தக் காலத்துலயும் இப்படித்தான் போல.

1236ல ஊரு கிறிஸ்தவ ராஜா கைக்குப் போச்சு, 1523ல நட்ட நடுவுல தூண்களை எடுத்துட்டு ஒரு முழு சர்ச்சை எழுப்ப ஆரம்பிச்சாங்க. தூண் தூணா இருட்டுல நடந்துக்கிட்டே இருந்து சட்டுனு வெள்ளை வெளேர்னு கூரை மேல எகிறும்போது ஒரு மாதிரி ஆகுது. அம்மாவுக்கு அதுதான் பிடிச்சுது, "வெளிச்சமா இருக்கு, உக்கார பெஞ்சும் இருக்கு"ன்னு. எனக்கு அந்த இருட்டுதான். தொழுகைத் திசையைக் காட்டற மாடம், மிஹ்ராப்னு பேரு, அதுல தங்க மொசைக், பைசாந்திய (இப்ப இஸ்தான்புல்லா இருக்கற ஊர்ல இருந்து ஆண்ட) சக்கரவர்த்தி அனுப்பின சில்லு, ஒவ்வொண்ணும் குட்டி குட்டியா, அதைப் பாத்துக்கிட்டு நிக்கும்போதே ஒன்பதரை ஆயிடுச்சு, காவலர் கையை ஆட்டி வெளியே தள்ளிட்டாரு.

வெளிய முற்றத்துக்கு ஆரஞ்சு மரங்களோட முற்றம்னே பேரு. கூழாங்கல் பதிச்ச தரை, மரத்துக்கு மரம் சின்ன வாய்க்கால் ஓடுது, நம்ம தென்னந்தோப்புல பாத்தி கட்டற மாதிரியே. அம்மா ஒரு மரத்தடியில நின்னு, உதிர்ந்து கிடந்த இலை ஒண்ணை எடுத்து ரெண்டா கிழிச்சு மோந்து பாத்துட்டு, "டேய் இது நாரத்தை டா"ன்னாங்க. நான் ஆரஞ்சும்மான்னேன். இலைக்காம்பைக் காட்டினாங்க, காம்புலயே குட்டியா இன்னொரு இலை ஒட்டினாப்ல இருந்துச்சு. இந்த ஊரு தெருவெல்லாம் இந்த மரம்தான், கசப்பு ஆரஞ்சு, பழம் நடைபாதையில உருண்டு கிடக்கும், ஒருத்தர் தொட மாட்டாங்க. செவில்னு இன்னொரு ஊர்ல இதைப் பறிச்சு இங்கிலாந்துக்கு மார்மலேட், அதாவது ஆரஞ்சு ஜாம், போட அனுப்பறாங்க.

ராத்திரி ரூம்ல தேடிப் பாத்தேன். நம்ம நாரத்தையும் இதுவும் தாவரக் கணக்குல ஒண்ணு இல்ல, பங்காளி மாதிரி. பேருதான் விஷயம். ஸ்பானிஷ்ல நராங்ஹா, அது அரபு நாரஞ்ச்ல இருந்து, அது பாரசீக நாரங்க்ல இருந்து, அது சமஸ்கிருத நாரங்கத்துல இருந்து, அதுக்கும் வேரு திராவிட மொழியில இருக்கணும்னு அகராதிக்காரங்க சொல்றாங்க. இங்கிலீஷுக்குப் போற வழியில, பிரெஞ்சுலயே முதல் 'ந' தொலைஞ்சு ஆரஞ்சு ஆயிடுச்சு, நாம அதையே திருப்பி வாங்கி வச்சிருக்கோம். அம்மாகிட்ட சொன்னா, "இதுக்குப் போன்ல பாக்கணுமா, மோந்தாலே தெரியுது"ன்னுட்டாங்க.

அன்னிக்கே மதியம் மெதினா அசஹாரான்னு இடிஞ்ச அரண்மனை நகரம் போறதா பிளான், ஊருக்கு மேற்க எட்டு கிலோமீட்டர். டாக்ஸிக்காரர் சிரிச்சுக்கிட்டே "லூனெஸ், செர்ராதோ"ன்னாரு. திங்கக்கிழமை லீவு. ஒரு மாசமா பிளான் போட்டவன் நான், இதை மட்டும் பாக்கல. அம்மா ஒண்ணும் சொல்லல, அதுதான் கஷ்டமா இருந்துச்சு. ரோமன் பாலத்துல நடந்தோம், பதினாறு வளைவு, கீழ குவாதல்கிவிர், அரபுல வாதி அல் கபீர், பெரிய ஆறுன்னு அர்த்தம், ஆனா அடையாறு முகத்துவாரத்தைப் பாத்தவங்களுக்கு சுமார்தான். யூதத் தெருவுல 1315ல கட்டின குட்டி சினகாக், அதாவது யூதக் கோயில், கொஞ்சம் தள்ளி இந்த ஊர்ல பொறந்த யூதத் தத்துவ ஞானி மைமோனிடஸ் சிலை, தொட்டுத் தொட்டு அதோட செருப்பு பளபளன்னு ஆயிடுச்சு.

சாப்பாடு பத்தி ஒண்ணு சொல்லணும். சால்மொரேஹோன்னு தக்காளி, பழைய ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் போட்டு அரைச்சு ஜில்லுனு தர்றாங்க, மேல பன்றிக்கறியும் அவிச்ச முட்டையும் தூவுவாங்க, சைவம்னா முன்னாடியே "சின் ஹமோன், சின் வேவோ", அதாவது கறி வேண்டாம் முட்டை வேண்டாம்னு சொல்லிடுங்க. அம்மாவுக்குப் பிடிச்சது கத்திரிக்காயை நீளமா வறுத்து மேல கரும்புப் பாகு ஊத்தறது. பஜ்ஜி மேல வெல்லப்பாகுன்னு வச்சுக்கோங்க, கேக்க ஒரு மாதிரி இருக்கும், ரெண்டு பிளேட் காலி.

செவ்வாய்க்கிழமை மெதினா அசஹாரா பாத்தோம். மூணாம் அப்துர் ரஹ்மான் 936ல ஆரம்பிச்ச அரண்மனை நகரம், மலைச்சரிவுல படிப்படியா, நூறு வருஷம் கூட நிக்கல, 1010 வாக்குல உள்நாட்டுச் சண்டையில சூறையாடிட்டாங்க. அப்புறம் ஊர்க்காரங்க வீடு கட்ட கல்லு எடுத்துட்டுப் போனாங்க. முதல் நாள் பாத்த தூணுங்களுக்கு நடந்ததேதான் இதுக்கும். அம்மா நிழலைப் பாத்து உக்காந்துட்டாங்க, நான் மட்டும் ஒரு மணி நேரம் வெயில்ல சுத்தினேன்.

திரும்பி வர்றப்ப அம்மாவோட ஹேண்ட்பேக் கனமா இருந்துச்சு. ஸ்டேஷன் போற தெருவுல விழுந்து கிடந்ததுல அடிபடாத ஆறு பழம் பொறுக்கிட்டாங்க. தம்பி திட்டினான், கார் புகை பட்ட பழம்னு. அவன் ஆபீஸ் போனப்புறம் நல்லா கழுவி, சுருள் சுருளா நறுக்கி, உள்ள கல்லுப்பு அடைச்சு, பாட்டில்ல போட்டு, நாங்க கிளம்பற வரைக்கும் தினம் பால்கனி வெயில்ல எடுத்து வச்சாங்க. இப்பவும் ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல அவன்கிட்ட சாப்ட்டியான்னு கேக்கறதுக்கு முன்னாடி, அம்மா கேக்கறது பாட்டிலைக் குலுக்கினியான்னுதான்.