கானடா குடும்பத்தின் காந்தாரம்: ஆறு வாரக் குறிப்பு

இந்துஸ்தானி ராகங்களைக் கேட்டவுடன் பெயர் சொல்ல வேண்டும் என்று கிளம்பி ஆறு வாரம் ஆகிறது. முதல் இரண்டு வாரம் வீண். இசையறிஞர் பாத்கண்டே வகுத்த 10 தாட்டுகளை (ராகங்களைச் சுரப்படி பிரிக்கும் வகைகள்) நோட்டில் கட்டம் போட்டு, ஒவ்வொரு ராகத்தையும் அதில் அடைத்துக்கொண்டிருந்தேன். கர்நாடக இசையின் மேளகர்த்தாவில் (தாய் ராகப் பட்டியல்) பழகிய மூளைக்கு அதுதான் சௌகரியம். கானடா குடும்பத்து ராகங்களையே பாருங்கள்: தர்பாரி ஆசாவரி தாட், நம் நடபைரவியின் சுரங்கள். நாயகி கானடா காபி தாட், கரகரப்பிரியாவின் சுரங்கள். கட்டமெல்லாம் நிரம்பியது. காதுக்கு ஒன்றும் ஏறவில்லை.

தாட்டில் வேறு வேறு வீட்டில் இருக்கும் இந்த இரண்டும் கேட்க மட்டும் ஏன் அண்ணன் தம்பி போல இருக்கின்றன? விடை ராகாங்கத்தில் இருந்தது. இசையறிஞர் நாராயண் மோரேஷ்வர் கரே வலியுறுத்திய முறை இது: சுரப்பட்டியலை விட்டுவிட்டு ராகத்தின் அடையாளப் பிடியைப் பார்ப்பது. கானடா அங்கத்துக்கு அந்தப் பிடி 'க ம ரி ஸ'. நம் கானடாவின் அவரோகணமும் அப்படித்தான் முடிகிறது என்பது உறைத்தபோது என்னையே கொட்டிக்கொண்டேன்.

வீட்டு ஆர்மோனியத்தில் தர்பாரியை வாசித்துப் பார்த்தேன். காந்தாரம் ('க' சுரம்) அசைய வழியில்லாமல் நட்ட கல்லாக நின்றது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை இந்தப் பெட்டிக்குத் தடை போட்டிருந்தது, கொஞ்சம் நியாயம்தான். சரி என்று வாயால் பாடினால் வேறு தொல்லை. கம்பிதம் (கர்நாடக இசையில் சுரத்தை அசைக்கும் முறை) பழகிய தொண்டை காந்தாரத்தைப் படபடவென்று உதறுகிறது. இங்கே வேண்டியது ஆந்தோலன்: சற்றுத் தாழ்ந்தே நிற்கும் காந்தாரம் தூளி போல மெல்ல ஆட வேண்டும். அதற்கே இரண்டு வாரம் போனது.

அது பிடிபட்டதும் தைவதம் ('த' சுரம்) வழிகாட்டியது. கோமல் (தாழ்ந்த) தைவதம் என்றால் தர்பாரி, சுத்த தைவதம் (இந்துஸ்தானியில் இது உயர்ந்தது) என்றால் ஷஹானா, தைவதமே இல்லையென்றால் நாயகி. அடாணாவுக்கும் (நம் அடாணா வேறு) ஏறக்குறைய தர்பாரியின் சுரங்களே. ஆனால் தர்பாரி மந்திரத்தில் (கீழ் ஸ்தாயியில்) ஆற அமர உலவும், அடாணா தார ஷட்ஜத்தை (மேல் 'ஸ') சுற்றியே துள்ளும்.

ஏமாந்தது மியான் கி மல்ஹார் என்ற வேறு குடும்பத்து ராகத்தில். 'க ம ரி ஸ' வந்ததும் கானடா என்று எழுதிவிட்டேன். அடுத்த நிமிடமே இரண்டு நிஷாதங்களும் ('நி' சுரத்தின் இரு வகை) சேர்ந்து 'நி த நி ஸ' என்று மேலேறியது. அடித்துத் திருத்தினேன்.

நேற்று 12 பதிவுகளில் 9 சரி. இதே கானடா குடும்பத்தின் சூஹாவும் சுக்ராயியும் இன்னும் எனக்கு ஒன்றாகவே கேட்கின்றன.