அக்கா தந்த பணமும் இரண்டு நாள் சாலையும்

என் 50வது பிறந்தநாளன்று அக்கா ஓர் உறையைக் கையில் திணித்து, "இது வீட்டுச் செலவில் கரைந்துவிடக் கூடாது, உன் சைக்கிளுக்கு மட்டும்தான்" என்றாள். குரங்குப் பெடல் போட்டுப் பழகிய நாட்களில் கேரியரைப் பிடித்தபடி என் பின்னால் ஓடிவந்தவள் அவள்தான் என்பதால், அந்த நிபந்தனையை மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. நானே சம்பாதித்த பணத்தைத் தவறாகச் செலவழித்தால் அந்த வருத்தம் என்னோடு போய்விடும். அன்பளிப்பாக வந்த பணத்தை வீணாக்கினால், கொடுத்தவரின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும். அதனாலேயே அந்த உறை ஆறு வாரங்கள் மேசை இழுப்பறையில் பிரிக்கப்படாமல் கிடந்தது.

ஆறு வாரங்களில் என் ஆசைப் பட்டியல் பலமுறை மாறியது. முதலில் கார்பன் சக்கரங்கள், பிறகு பெடலில் செலுத்தும் ஆற்றலை வாட் கணக்கில் காட்டும் பவர் மீட்டர், பிறகு இன்னும் எடை குறைந்த ஒரு சட்டகம் என்று ஒவ்வோர் இரவும் ஒன்று வாங்கப்பட்டு, ஒவ்வொரு காலையும் திருப்பித் தரப்பட்டது. எல்லாமே மனக்கடையில் நடந்த வியாபாரம்தான். ஒருநாள் இதற்கு ஒரு முடிவு கட்ட எண்ணி, இரண்டு நாள் பயணம் ஒன்றை முடிக்கும்வரை எதையும் வாங்குவதில்லை என்றும், வழியில் எந்த இடத்தில் எனக்கோ வண்டிக்கோ என்ன தொல்லை வந்தது என்பதை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வருவது என்றும் தீர்மானித்தேன்.

முதல் நாள் 94 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி சமவெளி, மாலையில் 500 மீட்டர் உயரம் ஏறும் 8 கிலோமீட்டர் மலைச்சாலை, அதன் உச்சியைத் தாண்டி 7 கிலோமீட்டரில் தங்குமிடம். மறுநாள் வேறு வழியாக இறங்கி ஆற்றோரமாக வீடு திரும்புவது திட்டம். வண்டி எட்டு ஆண்டுப் பழையது. அலுமினியச் சட்டகம், விளிம்பைப் பிடிக்கும் பிரேக், 25 மில்லிமீட்டர் டயர், கியர் பற்சக்கரங்களில் பெடல் பக்கம், அதாவது முன்னால், 50, 34 பற்கள், பின்சக்கரத்தில் 11 முதல் 28 பற்கள் வரை. நான் 74 கிலோ, வண்டி 10 கிலோ, பை 6 கிலோ என்று மொத்தம் 90 கிலோ சாலையில் இறங்கியது.

காலைக் காற்று அடங்கியிருந்ததால் முதல் இரண்டு மணி நேரம் மணிக்கு 22 கிலோமீட்டர் வேகம் சிரமமில்லாமல் வந்தது. அப்போது இளைஞர் குழு ஒன்று என்னைக் கடந்து சென்றது. அவர்களுடைய ஆழமான கார்பன் சக்கரங்களிலிருந்து எழுந்த 'உம்ம்' என்ற அந்த ஓசை என் பட்டியலை மீண்டும் கலைத்துவிட்டது. பொறாமை தணியட்டும் என்று மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுகிறது. அதை வெல்லத் தேவையான ஆற்றலோ மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. ஆகவே காற்றைக் கிழிக்கும் சக்கரத்தின் பயன் 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்குத் தெரியும் அளவுக்கு 22இல் செல்பவனுக்குத் தெரியாது. அதோடு, காற்றைத் தடுப்பதில் பெரும்பங்கு சக்கரத்துக்கு அன்று, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் என் உடம்புக்கே உரியது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பதைச் சமாதானத்துக்காகச் சொல்லிக்கொண்டாலும், அந்த ஓசை காதிலிருந்து போவதற்கு மேலும் ஐந்து கிலோமீட்டர் ஆயிற்று என்பதை மறைக்கப் போவதில்லை.

குறிப்பேட்டின் முதல் வரி 38வது கிலோமீட்டரில் எழுதப்பட்டது: இடது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துவிட்டன. உள்ளங்கையின் வெளிவிளிம்பு வழியாகச் செல்லும் நரம்பு ஹேண்டில்பாரில் அழுந்தினால் இந்த இரண்டு விரல்களும்தான் முதலில் மரக்கும். 52இல் இரண்டாவது வரி: வலது முழங்காலின் முன்பக்கம் வலி. இரண்டும் எனக்குப் புதியவை அல்ல. ஆனால், வயதாகிறது என்று இதுவரை ஒதுக்கிவைத்திருந்தவற்றை எழுத்தில் பார்த்தபோதுதான் அவை வண்டியைப் பற்றிய புகார்களாக இருக்கக்கூடும் என்று தோன்றியது.

மலைச்சாலைதான் என் பட்டியலைத் தலைகீழாக்கியது. தொடக்கத்தில் சரிவு மென்மையாக இருந்தது. ஐந்தாவது கிலோமீட்டருக்கு மேல் 8 விழுக்காட்டைத் தொட்டது. என்னிடம் இருந்த மிக எளிய கியர் முன்னால் 34, பின்னால் 28. அதாவது பெடல் ஒருமுறை சுற்றினால் சக்கரம் ஏறத்தாழ 1.2 முறை சுற்றி, வண்டி சுமார் இரண்டரை மீட்டர் முன்னேறும். நிமிடத்துக்கு 60 சுற்று என்ற நிதானமான கதியில் மிதித்தாலும், 90 கிலோவை அந்தச் சரிவில் ஏற்றுவதற்கு மட்டுமே 180 வாட் தேவைப்படும். அவ்வளவு ஆற்றலை நீண்ட நேரம் தருவது என் கால்களால் ஆகாது. எனவே சுற்று 50 ஆனது, 40 ஆனது, பிறகு ஒவ்வொரு மிதியும் ஒரு படிக்கட்டு ஏறுவதுபோல் ஆகி, முழங்கால் உரக்கவே முறையிட்டது. உச்சிக்கு ஒன்றரை கிலோமீட்டர் இருக்கையில், ஒரு கொண்டை ஊசி வளைவில், இறங்கித் தள்ளத் தொடங்கினேன்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பவனுக்குச் சிந்திக்க நிறைய நேரம் கிடைக்கிறது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்சுக்கு கியர் மாற்றும் கருவி என்றாலே ஆகாது. அது 45 வயதைக் கடந்தவர்களுக்கான வசதி என்று அவர் எழுதியதுண்டு. 1937ஆம் ஆண்டில்தான் அந்தப் பந்தயத்தில் டெரெய்லருக்கு, அதாவது சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும் அந்தக் கருவிக்கு, இடம் கிடைத்தது. எனக்கோ 50 முடிந்துவிட்டது. அவருடைய ஏளனத்தின்படியே பார்த்தாலும் எளிய கியர் எனக்கு உரியதுதானே என்ற நினைப்பில் அந்தத் தனிமையிலும் சிரிப்பு வந்தது.

எடை குறைந்த சட்டகத்தின் கணக்கும் அந்த வளைவுகளில்தான் தீர்ந்தது. காற்றையும் உராய்வையும் விட்டுவிட்டு, 150 வாட் ஆற்றலில் 90 கிலோவை 500 மீட்டர் உயர்த்த 49 நிமிடம் ஆகும். அதில் ஒரு கிலோவைக் குறைத்தால் மிச்சமாவது 33 நொடி. நான் தள்ளிக்கொண்டு நடந்ததோ 25 நிமிடம். அக்காவின் பணத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து அரை நிமிடத்தை வாங்குவதா, பின்சக்கரத்தில் சில பற்களைக் கூட்டி அந்த நடையையே தவிர்ப்பதா என்ற கேள்விக்கு விடை தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை. பின்னால் 34 பற்கள் இருந்திருந்தால் பெடலுக்கு ஒரு சுற்று, சக்கரத்துக்கும் ஒரு சுற்று. அதே 60 சுற்றுக்கு 150 வாட்டே போதுமானதாக இருந்திருக்கும்.

நடந்ததில் இழந்த நேரத்துக்கு இருட்டில் வட்டி கட்டினேன். என்னிடம் இருந்த விளக்கு, எதிரே வருபவர் என்னைப் பார்ப்பதற்குப் போதும். நான் குழியைப் பார்ப்பதற்குப் போதாது. இவ்விரண்டும் வெவ்வேறு வேலைகள் என்பது தெரிந்திருந்தும், பகலில் மட்டுமே செல்வேன் என்ற நம்பிக்கையில் இத்தனை ஆண்டுகளை ஓட்டியிருக்கிறேன். கடைசி 7 கிலோமீட்டரையும் பிரேக்கை விடாமல் பிடித்தபடி நடையின் வேகத்தில் கடந்து, தங்குமிடத்து வாசலில் குறிப்பேட்டைத் திறந்து 'விளக்கு' என்று எழுதி இரண்டு கோடு இழுத்தேன். அதன்பின் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

மறுநாள் காலை புறப்படும் முன் ஒரு சோதனை செய்தேன். சுவரில் சாய்ந்து வண்டியில் உட்கார்ந்து, பெடல் அடிநிலைக்கு வரும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். என் கால் மடங்கியே இருந்தது. இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிப்பது வழக்கம். ஆலன் கீ என்னும் அறுகோணச் சாவியால் இருக்கைக் கம்பியை 8 மில்லிமீட்டர் உயர்த்தினேன். கைபேசியின் மட்டம் பார்க்கும் வசதியை வைத்துப் பார்த்தபோது இருக்கையின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்ததும் தெரிந்தது. அந்தச் சாய்வுதான் உடலை முன்னால் தள்ளிக் கைகளில் பாரத்தை ஏற்றியிருக்க வேண்டும். அதையும் மட்டமாக்கினேன். நண்பகலுக்குள் முழங்கால் வலி அடங்கிவிட்டது. விரல் மரப்பு குறைந்ததே தவிர, நீங்கவில்லை. எட்டு ஆண்டுகளாக என் பையிலேயே இருந்த ஒரு கருவி, ஒரு காசும் செலவில்லாமல், இரண்டு புகாரில் ஒன்றைத் தீர்த்துவைத்தது எனக்கு மகிழ்ச்சியைவிட வெட்கத்தையே தந்தது.

இறக்கம் முடிந்ததும் சாலை கெட்டுவிட்டது. தார் பெயர்ந்து ஜல்லி தெரியும் அந்த 30 கிலோமீட்டரில், 100 பிஎஸ்ஐ அழுத்தத்தில் கல்லாக இறுகியிருந்த டயர் ஒவ்வொரு கல்லையும் என் முதுகெலும்புக்குத் தெரிவித்தது. இறுகிய டயர்தான் வேகம் தரும் என்று நானும் நெடுங்காலம் நம்பியிருக்கிறேன். வழவழப்பான பந்தயத் தளத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம். கரடான சாலையில் டயர் அமுங்கிக் கல்லை விழுங்காவிட்டால், வண்டியும் ஆளும் சேர்ந்து மேலே தூக்கிப் போடப்படுகிறார்கள், முன்னேறுவதற்கு உரிய ஆற்றல் அந்தக் குலுக்கலில் வீணாகிறது. ஜான் பாய்ட் டன்லப் 1888இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றதே, மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடுவதற்காகத் தொடங்கிய முயற்சியிலிருந்துதான். ஒரு மரத்தடியில் நின்று அழுத்தத்தை 85க்கு இறக்கினேன். உடனே பல் கிட்டுவது நின்றது. 32 மில்லிமீட்டர் டயர் போட்டால் அழுத்தத்தை இன்னும் குறைக்கலாமே என்ற ஆசையில், டயருக்கும் பிரேக்குக்கும் இடையிலுள்ள இடைவெளியை ஆலன் கீகளைச் செருகி அளந்து பார்த்தேன். 6 மில்லிமீட்டர் கீ நுழைந்தது, 8 நுழையவில்லை. ஆகவே 28க்கு மேல் இந்த வண்டி இடம் தராது.

ஆற்றோரச் சாலைக்கு வந்த பிறகு செய்வதற்கு மிதிப்பதைத் தவிர வேலை இருக்கவில்லை. நெடுநாளாக எனக்குள் இருக்கும் ஆசை, 200 கிலோமீட்டர் பிரெவே ஒன்றை, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம் ஒன்றை, முடிப்பது. 1904இல் தொடங்கப்பட்ட ஓடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற பிரெஞ்சுச் சங்கம் வகுத்த விதிகளின்படி அதற்கு 13 மணி 30 நிமிட அவகாசம் உண்டு. வகுத்துப் பார்த்தால், நிற்கும் நேரத்தையும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவான வேகமே போதும். ஓடும்போது என் வேகம் அதைவிடக் கூடுதல். என்னைத் தோற்கடிப்பது நின்ற நேரங்கள்தான்: கையை உதறுவதற்கு நின்றது, முழங்காலைத் தேய்ப்பதற்கு நின்றது, தள்ளிக்கொண்டு நடந்தது. இப்படிப் பார்த்ததும், வேகத்துக்காகப் பட்டியலில் இருந்த பொருட்கள் தாமாகவே உதிர்ந்துவிட்டன. பவர் மீட்டரை மட்டும் சற்று வருத்தத்தோடுதான் பட்டியலிலிருந்து அடித்தேன். எண்களின்மேல் எனக்கு இருக்கும் மோகம் இதுவரை படித்த பத்திகளிலேயே தெரிந்திருக்கும்.

ஊர் திரும்பிய வாரத்தில் உறையைப் பிரித்தேன். முதலில் முன்விளக்கும் பின்விளக்கும். அடுத்து, வண்டியை உடலுக்குப் பொருத்தித் தருபவரிடம் இரண்டு மணி நேரம். அவர் என் கைகளின் நீட்டத்தைப் பார்த்துவிட்டு, ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் 110 மில்லிமீட்டர் ஸ்டெம்மைக் கழற்றி 90 மில்லிமீட்டர் ஸ்டெம்மை மாட்டினார். நான் உயர்த்தி வைத்த இருக்கையை 2 மில்லிமீட்டர் மட்டும் இறக்கினார், அதில் எனக்குச் சிறிது பெருமை. பிறகு 28 மில்லிமீட்டர் டயர்கள். கடைசியாகப் பின்சக்கரத்துக்கு 11 முதல் 34 வரையிலான பல் அடுக்கு. அதை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்துத்தான் போனேன். என் டெரெய்லரின் கை குட்டையானது, 34 பற்களை அது தாங்காது என்று மெக்கானிக் சொன்னார். கூடவே அளவுகோலை எடுத்துச் சங்கிலியையும் அளந்து காட்டினார். புதிய சங்கிலியில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். என்னுடையது அதைத் தாண்டி ஒன்றரை மில்லிமீட்டருக்கும் மேல் நீண்டிருந்தது. தேய்ந்த சங்கிலியைப் புதிய பற்களில் ஓட்டினால் பற்களும் சீக்கிரமே தேய்ந்துவிடும் என்பதால், டெரெய்லர், சங்கிலி, பல் அடுக்கு ஆகிய மூன்றும் சேர்ந்தே மாறின. தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் ஒன்றுகூட ஆறு வாரப் பட்டியலில் இருந்ததில்லை.

வண்டியின் படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அழைத்துவிட்டாள்.

"பழைய சைக்கிள் அப்படியேதானே இருக்கிறது? பணத்தை என்ன செய்தாய்?"

"பின்சக்கரத்தைப் பெரிதாக்கிப் பார், அக்கா. அந்தப் பல் அடுக்கு புதிது."

"இதற்காகவா அவ்வளவும்?"

"இல்லை. உறையில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் இருக்கிறது."

சற்று நேரம் பேச்சில்லை. "நீ இறங்கித் தள்ளினாய் என்றாயே, அந்த இடத்தை எனக்குப் படம் எடுத்து அனுப்பு" என்றாள். மீதியை அங்கே மறுபடி போய்வருவதற்கு வைத்துக்கொள்ளலாம் என்று அவள் சொல்லவில்லை. நானாக அப்படி எடுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் அதே சாலையில், அதே பையோடு ஏறினேன். அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பெருமை பேசும் நேரம் அன்று. கொண்டை ஊசி வளைவு வந்தபோது மூச்சு வாங்கியதே தவிர, கால் தரையில் படவில்லை. அந்த இடத்தில் நின்று அக்காவுக்குப் படம் எடுக்க வேண்டும் என்பது, உச்சியைத் தொட்டு வண்டியைச் சாய்த்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.