இரண்டு ஊர் வீசை

யாங்கோனுக்குக் குடிவந்த முதல் வாரம், ஒரு லிட்டர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கடலை எண்ணெய் வாங்கப் போனேன். "ஒரு வீசை" என்றேன். கடைக்காரம்மா பாட்டிலைப் பார்த்துச் சிரித்தாள். இங்கே எண்ணெயை எடை போட்டுத்தான் விற்பார்கள். பர்மா வீசை 1.633 கிலோ. எண்ணெய் தண்ணீரைவிட லேசு, லிட்டருக்கு 915 கிராம்தான் வரும். ஆக ஒரு வீசை எண்ணெய்க்கு ஒன்றே முக்கால் லிட்டருக்கு மேல் கொள்கிற பாத்திரம் வேண்டும்.

அரிசியோ நேர் எதிர். ஊரில் கிலோ கணக்கில் வாங்கிப் பழகியதை இங்கே அளந்து போடுகிறார்கள். எட்டு பால் டப்பா ஒரு ப்யி, பதினாறு ப்யி ஒரு கூடை. மில்க்மெய்டு டப்பா மாதிரி காலி டின்தான் அளவு. 2013இல் மெட்ரிக்குக்கு மாறப்போவதாக அரசாங்கம் அறிவித்ததாம். சந்தைக்குள் அந்தச் சேதி இன்னும் நுழையவில்லை.

இதெல்லாம் தெரிந்தும் தீபாவளிக்கு அதிரசத்தில் கோட்டை விட்டேன். அம்மா போனில் சொன்ன கணக்கு: ஒரு படி பச்சரிசிக்கு முக்கால் வீசை வெல்லம். எட்டு ஆழாக்கு படி, எட்டு டப்பா ப்யி. வீசைக்குப் பெயர்கூட மாறவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று நானே முடிவுகட்டி, ஒரு ப்யி அரிசியை ஊறவைத்தேன். இங்கே வீசையை நூறாகப் பிரித்து, ஒரு பங்கைத் 'தா' என்பார்கள். எழுபத்தைந்து தா பனைவெல்லம் வாங்கிப் பாகு வைத்தேன். பாகு போதவில்லை. மாவு புட்டு மாவாக உதிர்ந்தது. பாலைத் தெளித்துத் தெளித்துத் தட்டினேன். எண்ணெயில் போட்டதும் ஓரமெல்லாம் வெடித்தது. ஆறியபின் கடித்தால் பல் போய்விடும். வீட்டுக்காரர் வாயே திறக்காமல் இரண்டு தின்றார், பாவம்.

மறுநாள் அம்மாவைத் தராசோடு உட்காரவைத்தேன். எங்கள் வீட்டுப் படியில் தலைகட்டி அளந்தால் அரிசி 1300 கிராம். ப்யியில் 2100க்கு மேல். நம்மூர் வீசை நாற்பது பலம், 1400 கிராம். அதில் முக்கால் 1050. பர்மா வீசையில் முக்கால் 1225. வெல்லம் கொஞ்சம் கூடியிருக்கிறது, அரிசி எக்கச்சக்கமாய்க் கூடியிருக்கிறது. கிலோவுக்கு 800 கிராம் விழ வேண்டிய இடத்தில் 575 விழுந்தால் அதிரசம் எங்கே வரும்?

இரண்டையும் ஒரே டப்பாவால் அளக்கலாமே என்று நினைத்தேன். வெல்லத்துக்கு அது சரிப்படாது. கட்டியாய்ப் போட்டால் நடுவில் சந்து, தட்டிப் போட்டால் வேறு கணக்கு. வெல்லத்துக்கு எடைதான். ஒரு டப்பா அரிசி 265 கிராம் சுமார், ஒரு தா 16 கிராம் சொச்சம். கூட்டிக் கழித்து, ஐந்து டப்பா அரிசிக்கு அறுபத்தைந்து தா வெல்லம் என்று எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன். இந்தத் தடவை மாவு கையில் ஒட்டாமல் திரண்டது.

சூட்டோடு நாலு அதிரசம் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அக்காவிடம் போனேன். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். பாட்டி தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவராம். ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டு, "பதம் நல்லா இருக்கு தங்கச்சி. நாலு டப்பாவுக்கு அம்பது தா போட்டியா?" என்றார்.

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"எங்க பாட்டி கணக்கு. என்னைக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே!"