பட்டன் என் கையில், சாவி நர்ஸ் கையில்

பைபாஸ் முடிந்து பதினெட்டு நாள் ஆகிறது. ஆபரேஷன், ஐசியு எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. என் ஆத்திரமெல்லாம் அந்த வலி மருந்து பம்ப் மேல்தான்.

சிரிஞ்சில் மார்பின். வலித்தால் நாமே பட்டனை அழுத்த வேண்டும். 1 மில்லிகிராம் இறங்கும். அடுத்த 8 நிமிஷத்துக்கு என்ன அழுத்தினாலும் சொட்டு வராது. இதை எனக்கு எப்போது விளக்கினார்கள்? தொண்டைக் குழாயை எடுத்த அரை மணியில், பாதி மயக்கத்தில். தலையாட்டினேனாம்!

முதல் ராத்திரி முழுக்க அழுத்தித் தள்ளினேன். மருந்து இறங்கினாலும் பீப், இறங்காவிட்டாலும் அதே பீப். காலையில் நர்ஸ் பம்ப்பில் கணக்கைக் காட்டினார்: அழுத்தியது 63, இறங்கியது 14.

மறுநாள் நான் கண்ணசந்திருந்தபோது, முனகுகிறாரே என்று என் மனைவி பட்டனில் கை வைத்துவிட்டாள். நர்ஸ் போட்ட சத்தத்தில் எனக்கே முழிப்பு வந்துவிட்டது. சத்தம் நியாயம்தான். தூங்குகிறவன் அழுத்தமாட்டான், அதுதான் இதில் இருக்கிற பாதுகாப்பே. கூட இருப்பவர் அழுத்தினால் அளவு ஏறி மூச்சு மந்தமாகிவிடும். அதை அவளிடம் முன்னாடியே ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

பெரிய கூத்து அன்று ராத்திரி 2 மணிக்கு. சிரிஞ்ச் காலி. மார்பின் போதை தரும் மருந்து என்பதால் டாக்டர் கையெழுத்து வேண்டும், பழைய ஆம்பியூல் (கண்ணாடி மருந்துக் குப்பி) கணக்கு ஒப்படைக்க வேண்டும், சாவி போட்டுத் திறக்க வேண்டும். டியூட்டி டாக்டர் வேறு மாடியில். ஒன்றரை மணி நேரம்! நெஞ்செலும்பை அறுத்துக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது, அதோடு இருமல். தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக் கிடந்தேன். சிரிஞ்சில் கால்வாசி இருக்கும்போதே சொல்லிவிடுங்கள், பகலிலேயே.

பிசியோ வந்து, மூச்சை உள்ளே இழுத்துப் பந்துகளை எழுப்பும் அந்த மூன்று பந்து மூச்சுப் பயிற்சிக் கருவியை நீட்டுவதற்குப் பத்து நிமிஷம் முன்பே ஒரு அழுத்து அழுத்திவிடுங்கள். அவர் வந்தபிறகு அழுத்திப் பயனில்லை. மூன்றாம் நாள் நெஞ்சுக் குழாய்களை உருவும்போது அப்படித்தான் சமாளித்தேன்.

அரிப்பு வரும் என்றார்கள், குமட்டும் என்றார்கள், இரண்டும் வந்தன. மலச்சிக்கலைப் பற்றி மட்டும் யாரும் மூச்சு விடவில்லை. முக்கவும் கூடாதாம்! மலமிளக்கியை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். எனக்கு ஐந்தாம் நாள்தான் வழி பிறந்தது. மகனுக்கு போன் போட்டு முதலில் சொன்ன நல்ல செய்தி அதுதான்.