நாள் ஆகவில்லை

"குறவு ஒண்ணும் இல்ல அண்ணா. நாள் ஆகல்ல, அவ்வளவுதான்."

என் கராத்தே வகுப்பில் படிக்கிற ஒரு பையனின் அப்பாவிடம் நான் சொன்ன பதில் இது. சொல்லும்போது அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே உறுத்த ஆரம்பித்துவிட்டது. குறை ஒன்றும் இல்லை என்று நானே சொல்கிறேன். அப்புறம் எதற்காக மறுக்கிறேன்?

பையனுக்குப் பன்னிரண்டு வயது, ஊதா பெல்ட். அடுத்தது பிரவுன். அப்பா கத்தாரில் வெல்டர், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருகிறவர். இந்தத் தடவை வந்தவருக்கு, திரும்பிப் போவதற்குள் மகன் பிரவுன் பெல்ட் கட்டுவதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. எங்கள் வகுப்பில் ஊதாவில் ஒரு வருஷமாவது இருந்தால்தான் பிரவுனுக்கு டெஸ்ட். பையன் அதில் பாதிதான் தாண்டியிருந்தான். "எனக்கு வேண்டி பெல்ட் தர வேண்டாம் மாஸ்டரே. டெஸ்ட் மட்டும் வச்சுப் பாருங்க. தோத்தா தோக்கட்டும்" என்றார்.

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் கராத்தே வகுப்பு நடத்துகிறவர்களுக்கு இந்தக் கோரிக்கை புதிதில்லை. பாதி வீடுகளில் அப்பா கல்ஃபில் இருக்கிறார். அவர் லீவை வைத்துத்தான் புது வீட்டுப் பால்காய்ச்சு, பிள்ளைக்குப் புதுநன்மை எல்லாமே நாள் குறிக்கப்படுகிறது. பெல்ட் டெஸ்ட் மட்டும் ஏன் நகராது என்று அவர்கள் கேட்பதில் தப்பில்லை. கேட்டால் நகர்த்திக் கொடுக்கிற வகுப்புகளும் இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு டெஸ்ட், அவசரம் என்றால் ஒரே நாளில் இரண்டு பெல்ட். மாசக் கட்டணம் ஹால் வாடகைக்கே சரியாகிவிடும், டெஸ்ட் பீஸில்தான் மாஸ்டருக்கு நாலு காசு நிற்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். அதனால் ஒரு வருஷக் கணக்கு என்பது பிள்ளைகளுக்காக மட்டும் வைத்ததில்லை, எனக்கும் சேர்த்துப் போட்ட வேலி. நல்ல காரணத்துக்காக ஒரு தடவை அதைத் தாண்டினால், அடுத்த மாசம் வேறொரு காரணம் பணத்தோடு வந்து நிற்கும். இதை இப்போதும் நம்புகிறேன். ஆனால் இது மற்றவர்களைப் பற்றிய காரணம். அந்தப் பையனைப் பற்றிய காரணம் இதில் எதுவும் இல்லை.

பையனைப் பற்றிச் சொன்னால் என் கட்சி இன்னும் பலவீனமாகிறது. கட்டா என்றால் வரிசை மாறாமல் தனியாகச் செய்து காட்டுகிற அசைவுகளின் தொகுப்பு. பிரவுன் டெஸ்டுக்கு உரிய கட்டா டெக்கி ஷோடான். முன்னும் பின்னும் போகாமல், குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி முழங்காலை மடக்கிக்கொண்டு, ஒரே கோட்டில் பக்கவாட்டிலேயே நகர்கிற கட்டா அது. ஒரு காலைக் குறுக்கே வைத்து அடுத்த காலை எடுக்கும் இடத்தில் எல்லாருக்கும் உடம்பு மேலே எழும்பும். தொடை வலி தாங்காமல் தானாக எழும்புவதுதான். அதைக் கண்டுபிடிக்க, பிள்ளையின் உச்சந்தலைக்கு மேல் ஒரு விரல்கடை விட்டு என் உள்ளங்கையைப் பிடித்தபடி கூடவே நடப்பேன். இரண்டாவது குறுக்கு அடியிலேயே பெரும்பாலான தலைகள் கையில் முட்டிவிடும். இவன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்த் திரும்பியும் வந்தான், முடிகூட என் கையில் படவில்லை. பாதத்தை உள்பக்கமாக மற்றத் தொடைவரை வீசி எடுத்து, எடுத்த இடத்திலேயே திரும்ப ஊன்ற வேண்டிய இடம் ஒன்று உண்டு. அங்கே பெல்ட்டின் இரண்டு நுனியும் ஆடின, தோள் ஆடவில்லை. பிளாக் பெல்ட் கட்டிய பெரிய பையன்களே அந்த இடத்தில் ஒரு பக்கம் சாய்வார்கள்.

அப்பா அன்று வராந்தாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கராத்தே தெரியாது. ஆனால் அசையாத கை என்றால் என்ன என்று தெரிந்தவர். வகுப்பு முடிந்ததும் அவர் தொழிலைப் பற்றிச் சொன்னார். கல்ஃபில் பைப் வெல்டருக்கு 6ஜி என்று ஒரு டெஸ்ட். பைப்பை 45 டிகிரி சாய்த்து அசையாமல் கட்டிவிடுவார்கள். பைப்பைத் திருப்பக் கூடாது, ஆள்தான் சுற்றிச் சுற்றிப் போய்ப் பற்றவைக்க வேண்டும். மேலிருந்தும், பக்கத்திலிருந்தும், கீழே படுத்து அண்ணாந்தும் செய்கிற வேலை அத்தனையும் அந்த ஒரு மூட்டிலேயே வந்துவிடும். பிறகு எக்ஸ்ரே. "இருவது வருஷம் வேல செய்தவனுக்கும் நேத்து வந்தவனுக்கும் எக்ஸ்ரே ஒண்ணுதான் மாஸ்டரே. எத்தன வருஷம்னு பைப்பு கேக்காது" என்றார்.

"ஆளப் பாக்க எக்ஸ்ரே இல்லியே அண்ணா" என்றேன்.

அவர் தலையாட்டினார். ஒத்துக்கொண்டு ஆட்டினாரா, மாஸ்டரிடம் வாதாட வேண்டாம் என்று ஆட்டினாரா, தெரியவில்லை. பிறகு, ஒரு மூலையில் பாயை மடித்துக்கொண்டிருந்த பிள்ளையைக் காட்டிக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்தப் பிள்ளைக்குப் போன டெஸ்டுல பச்ச பெல்ட் குடுத்தீங்கன்னு இவன் சொன்னான். அது செய்யது இவன் செய்யதுல பாதி வருமா?"

வராது. அந்தப் பெண்ணுக்கு இடம் வலம் இன்னும் குழம்பும். கட்டாவில் திரும்ப வேண்டிய இடத்தில் மற்றவர்களைப் பார்த்துத் திரும்புவாள். ஆனால் மழை என்று ஒரு நாள் நின்றதில்லை. எங்கள் பக்கம் ஆனி ஆடியிலும் கொட்டும், ஐப்பசியிலும் கொட்டும். ஹாலில் நாலு பேர் இருக்கிற நாளில் அந்த நாலில் ஒருத்தி அவள். சேர்ந்தபோது யாராவது கையை ஓங்கினால் கண்ணை இறுக மூடிக்கொண்டவள், இப்போது குத்து வருவதைத் திறந்த கண்ணோடு பார்த்துத் தடுக்கிறாள். அவளுக்குப் பச்சை கொடுத்தது சரி என்று யாரிடமும் சொல்வேன். அவள் வந்த தூரத்தைப் பார்த்துக் கொடுத்தேன்.

அப்படியானால் பையன் வந்த தூரத்தையும் அல்லவா பார்த்திருக்க வேண்டும்? அவளைவிட அதிக தூரத்தைக் குறைந்த நாளில் வந்தவன் அவன். இருவர் விஷயத்திலும் நான் எண்ணியது நாளைத்தான். அவளுக்கு நாள் நிறைந்திருந்ததால் திறமையில் கண்டிப்புக் காட்டவில்லை. அவனுக்குத் திறமை நிறைந்திருந்தும் நாளில் கண்டிப்புக் காட்டினேன். இதை அவர் வாதமாக வைக்கவில்லை. கேட்டதோடு விட்டுவிட்டார். கோர்த்துப் பார்த்தது நான்தான், அதுவும் அவர் விமானம் ஏறிப் போன பிறகு.

நாள் எதைக் கொடுக்கிறது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. பிரவுன் கட்டிவிட்டால் குமித்தேயில், அதாவது நேருக்கு நேர் மோதுகிற பயிற்சியில், அவனைப் பெரிய பையன்களோடு நிறுத்த வேண்டும். சின்னப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எதிராளியின் முகத்துக்கு ஒரு நூல் முன்னால் குத்தை நிறுத்துகிற பக்குவம் கை வேகத்தில் இல்லை, அடி வாங்கிய பிறகும் அப்படி நிறுத்துகிற மனசில் இருக்கிறது. அது அவனுக்கு உண்டா என்று நான் பார்க்கவில்லை, ஏனென்றால் அவன் தோற்று நான் பார்த்ததில்லை. இன்னொன்று, பதிமூன்று பதினாலு வயதில் கால் திடீரென்று நீளும். நேற்றுவரை ஊன்றிய நிலை ஆட ஆரம்பிக்கும். எளிதாகக் கற்ற பிள்ளைகள்தான் அந்தச் சமயத்தில் அதிகம் நொந்துபோகிறார்கள். கையில் பெரிய பெல்ட், உடம்பு சொன்னபடி கேட்பதில்லை, மெல்ல நின்றுவிடுகிறார்கள். என் வகுப்பிலிருந்தே அப்படி நின்றுபோனவர்கள் உண்டு. இதெல்லாம் உண்மை. ஆனால் "நாள் ஆகல்ல" என்ற இரண்டு சொல்லுக்குள் இத்தனையையும் அடக்கிவிட்டு, அவர் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்தேன்.

இன்னும் உள்ளே போனால் வேறொன்று தட்டுப்படுகிறது. அவன் தோற்றுவிடுவான் என்று தோன்றியிருந்தால் அன்றைக்கே டெஸ்ட் வைத்திருப்பேன். தோல்வி அவனுக்கு நல்லது என்று அப்பாவிடம் விளக்கமும் சொல்லியிருப்பேன். அவன் ஜெயித்துவிடுவான் என்று தெரிந்ததால்தான் டெஸ்ட் வைக்கவில்லை. ஜெயிக்கப் போகிறவனைத் தடுக்கிற பரீட்சை என்ன பரீட்சை?

பெல்ட்டின் சரித்திரத்தில் இதற்குத் துணை தேடிப் பார்த்தேன். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882-இல் கோடோகான் என்ற தன் பள்ளியைத் தொடங்கி, அடுத்த வருஷமே இரண்டு மாணவர்களுக்கு முதல் டான், அதாவது இன்றைய பிளாக் பெல்ட்டின் முதல் படி, கொடுத்தார். கராத்தேயை ஒகினாவாவிலிருந்து 1922-இல் டோக்கியோவுக்குக் கொண்டுவந்த கிச்சின் ஃபுனாகோஷி, 1924 ஏப்ரலில் முதல் பிளாக் பெல்ட்களை வழங்கிவிட்டார். இரண்டு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. இதைப் படித்ததும் அந்த அப்பா எதிரே உட்கார்ந்து சிரிப்பது போல் இருந்தது. பிறகு ஆறுதலாக ஒன்றும் கண்ணில் பட்டது. அன்று பெல்ட் வாங்கியவர்களில் கிமா என்பவர் ஒகினாவாவிலேயே கராத்தே கற்றுவிட்டு வந்தவர். ஓட்சுகா என்பவர் ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையில் ஏற்கெனவே ஊறியவர். வருஷங்கள் வேறு ஆசிரியர்களிடம் கழிந்திருந்தன, பெல்ட் மட்டும் இங்கே வந்தது. சரி, ஆனால் வெள்ளைக்கும் கருப்புக்கும் நடுவே இத்தனை நிறங்கள்? 1930களில் பாரிஸில் ஜூடோ சொல்லிக்கொடுத்த கவாய்ஷி பரப்பிய பழக்கம் அது. நீண்ட வழியில் மாணவன் சோர்ந்துவிடாமல் இருக்க நடுநடுவே ஒரு படி. தெம்பு கொடுக்க வைத்த படியில் நான் காவல் நிற்கிறேன்.

எங்கள் மண்ணில் வேறு கணக்கு. இங்குள்ள பழைய சண்டைக் கலையான அடிமுறையின் ஆசான்மாரிடம் பெல்ட் கிடையாது. சுவடு வைக்கப் பழகி, கம்பு பழகி, கூடவே இருந்து பணிவிடை செய்து, பன்னிரண்டு வருஷம் கழிந்தால்தான் வர்மம் சொல்லித்தருவார்கள் என்பது நாங்கள் சின்ன வயதிலிருந்து கேட்ட பேச்சு. எப்போது தருவீர்கள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் அதுவே இன்னும் நாள் ஆகவில்லை என்பதற்கு அடையாளம். அங்கே அந்தக் காத்திருப்புக்கு அர்த்தம் இருக்கிறது. தொட்டால் ஆளை விழவைக்கிற அறிவைக் கோபக்காரன் கையில் கொடுக்க முடியாது. நான் வளர்ந்தது அந்தப் பேச்சுக்குள் என்பதால் காத்திருக்கச் சொல்வது எனக்கு இயல்பாக வருகிறது. ஆனால் டெக்கி ஷோடான் வர்மம் இல்லையே. ஒரு பன்னிரண்டு வயதுப் பையனின் இடுப்பில் நிறம் மாறினால் யாருக்கு என்ன ஆபத்து? ஆசான்மாரின் கனத்தை எடுத்து என் ஹாலில் போட்டுக்கொண்டேனோ என்று சில நாள் தோன்றும். மறுநாள் இரண்டு பெல்ட் தாண்டி வந்த பிள்ளை ஒன்று வேறு வகுப்பிலிருந்து வந்து, முதல் கட்டாவிலேயே தடுமாறி நிற்கும். அப்போது என் கணக்குதான் சரி என்று மனசு திரும்பிவிடும்.

பையனுக்கு உரிய மாதத்தில் டெஸ்ட் நடந்தது. அதே கட்டா, அதே சுத்தம். காத்திருந்த மாதங்கள் அந்தக் கட்டாவில் எதையாவது சேர்த்திருக்கிறதா என்று உற்றுப் பார்த்தேன். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரே ஒரு மாற்றம் வேறு இடத்தில். முன்பெல்லாம் வகுப்பு முடிந்ததும் "அடுத்தது என்ன மாஸ்டர்?" என்று வந்து நிற்பான். இப்போது கேட்பதில்லை. சொல்லிக்கொடுத்ததைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறான். பக்குவம் என்று ஒரு நாள் நினைக்கிறேன். ஆசை அடங்கிவிட்டதோ என்று இன்னொரு நாள் பயப்படுகிறேன்.

டெஸ்ட் வீடியோவைப் பார்த்துவிட்டு அப்பா போன் செய்தார். ஒரு குறைகூடச் சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாக, அவர்களுடைய சர்ட்டிபிகேட் பற்றி நான் கேட்காத ஒரு விஷயத்தைச் சொன்னார். பாஸாகிவிட்டால் முடிந்துவிடாதாம். ஆறு மாசம் அந்த வகை வெல்டிங் செய்யாமல் இருந்தால் அது செல்லாமல் போய்விடும், திரும்ப டெஸ்ட் கொடுக்க வேண்டும். எங்கள் பெல்ட் அப்படிப் போவதே இல்லை. பத்து வருஷம் ஹால் பக்கம் வராதவனும் பிளாக் பெல்ட்தான். உள்ளே வரும் வாசலில் நாங்கள் வருஷத்தை எண்ணுகிறோம். வந்த பிறகு எண்ணுவதே இல்லை. அவர்கள் நேர் எதிர்.

அதை எடுத்துக்கொண்டேன். பிரவுனிலிருந்து மேலே உள்ளவர்கள் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கீழ்க் கட்டாக்கள் எல்லாவற்றையும் என் முன்னால் செய்து காட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறேன், பீஸ் கிடையாது. வாங்கின பெல்டுக்கு எதற்கு மறுபடி டெஸ்ட் என்று சில வீடுகளில் வருத்தம். நுழைவுக்கான ஒரு வருஷக் கணக்கை மட்டும் இன்னும் தொடவில்லை. அவர் சொன்னதில் எனக்கு வசதியான பாதியை எடுத்துக்கொண்டு மற்ற பாதியை விட்டுவிட்டதாக அவர் நினைத்தால் மறுக்க முடியாது.

இதற்கிடையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் அடுத்த லீவுக்கு வரும்போது, எங்கள் முறைப்படி பையன் பிளாக் பெல்ட் டெஸ்டுக்கு மறுபடியும் சில மாதம் குறைவாகத்தான் நிற்பான். அதனால் அந்தப் போன் பேச்சின் முடிவில், லீவு எந்த மாசம் என்று கேட்டுவைத்தேன்.

"அது கம்பெனிக்காரன்தான் சொல்லணும் மாஸ்டரே. ஷட்டவுன் வேல முடிஞ்சாத்தான் தெரியும்" என்றார்.