பிளட்ஸ் கவரும் அமிலக் கறையும்

19-ஆம் நூற்றாண்டில் பிலடெல்பியாவில் தனியார் தபால் நடத்திய பிளட்ஸ் கம்பெனியின் பென்னி போஸ்ட் ஸ்டாம்ப் ஒட்டிய கவர் ஒன்று ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. பளபளக்கும் கறுப்புத் தாளில் வெண்கல நிற எழுத்து, பக்கத்திலேயே அரசாங்கத்தின் 3 சென்ட் வாஷிங்டன் ஸ்டாம்ப், ஓரத்தில் துளையிடாத ரகம், அதன்மேல் பிலடெல்பியாவின் நீல வட்ட முத்திரை. அமெரிக்க லோக்கல் போஸ்ட் (ஊருக்குள் தனியார் நடத்திய தபால்) ஸ்டாம்ப் சேர்ப்பவர்களிடம் இதைக் காட்டிப் பெருமையடிக்க முடியாது. பிளட்ஸ் அந்த வகையில் சல்லிசாகக் கிடைக்கிற சரக்கு. எனக்கு வேண்டியிருந்தது கறுப்பு ஸ்டாம்பின் மேல் இருக்கும் பழுப்புக் கறை. அமில கேன்சல், அதாவது ஸ்டாம்ப் மறுபடி பயன்படாதபடி அமிலத்தால் வைத்த குறி!

கறுப்பு ஸ்டாம்பில் கறுப்பு மையைக் குத்தினால் யார் கண்ணுக்குத் தெரியும்? அதனால் பிளட்ஸ் ஆட்கள் அமிலத்தைத் தொட்டு வைத்துவிடுவார்கள். கழற்றி மறுபடி ஒட்டி ஏமாற்ற முடியாது. அவர்களுக்கு வேலை சுலபம், நமக்குத்தான் திண்டாட்டம். மை முத்திரை என்றால் வட்டக்கோடு ஸ்டாம்பிலிருந்து கவருக்குத் தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்தால் போதும். கறைக்கு ஏது கோடு? வேறு கவரிலிருந்து உரித்தெடுத்து, விலை கூடட்டும் என்று 3 சென்ட்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தால் எப்படித் தெரிந்துகொள்வது?

டார்ச்சைக் கவரின் மட்டத்துக்குச் சாய்த்துப் பிடித்து லூப்பில் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கி) பார்த்தேன். கறை பட்ட இடத்தில் பளபளப்பு செத்துப்போயிருக்கிறது, பென்னி என்ற சொல்லின் பின்பாதி மங்கிக் கிடக்கிறது. அதிலிருந்து கறை கீழே இறங்கி, ஸ்டாம்பின் ஓரத்தைத் தாண்டிக் கவரில் இரண்டு மில்லிமீட்டர் பரவியிருக்கிறது. ஓரத்தில்தான் விஷயமே இருக்கிறது. ஸ்டாம்பில் கறை எங்கே முடிகிறதோ அதே இடத்தில் கவரில் தொடங்க வேண்டும். ஒரு முடி அகலம் விலகினாலும் சந்தேகம்தான். என் கவரில் இரண்டும் சரியாகச் சேர்கின்றன. அப்புறம் உறையின் வாயை லேசாக விரித்து, உள்ளே சின்ன எல்ஈடி விளக்கை விட்டுப் பார்த்தேன். அதே இடத்தில் உள்பக்கமும் வெளிறிய பழுப்பு! அமிலம் தாளுக்குள் ஊறியிருக்கிறது. பிற்பாடு யாராவது மேலாகப் பூசிய சாயம் என்றால் இப்படி ஊறியிருக்குமா என்பது சந்தேகம். புற ஊதா விளக்கிலும் ஸ்டாம்பைச் சுற்றிப் புதுப் பசையின் வெள்ளை ஒளிர்வு எதுவும் இல்லை.

லூப்பைப் பற்றி ஒரு புலம்பல். 30 மடங்கு என்று அச்சிட்டு விற்கிறார்கள். பழைய 10 மடங்கு லூப்போடு ஒப்பிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், ஓரமெல்லாம் வானவில் வேறு. நல்ல 10 மடங்கு ஒன்று இருந்தால் போதும், மிச்சக் காசில் இன்னொரு கவர் வாங்கலாம்.

ஒரு கறைக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்டால், இந்தத் துறையின் யோக்கியதை அப்படி. பாஸ்டனின் எஸ். ஆலன் டெய்லர் ஸ்டாம்புகளைக் காப்பியடித்ததோடு நிற்காமல், இல்லவே இல்லாத தபால் கம்பெனிகளுக்கும் ஸ்டாம்ப் அடித்தார். நியூயார்க்கின் ஜார்ஜ் ஹஸ்ஸி இன்னும் சுவாரசியமான ஆள். வங்கி நோட்டீஸ்களை வீடு வீடாகக் கொடுக்கும் உண்மையான லோக்கல் போஸ்ட் நடத்திக்கொண்டே, 1860-களில் மற்ற கம்பெனிகளின் ஸ்டாம்புகளையும் அடிக்க வைத்து சேகரிப்பாளர்களுக்கு விற்றார். ஆக, பக்கத்து வீட்டுக்காரரின் பழைய ஆல்பத்தில் லோக்கல் ஸ்டாம்ப் வரிசையாக இருந்தால் சந்தோஷப்பட அவசரப்பட வேண்டாம். ஒரு விற்பனையாளர் எனக்கு அனுப்பிய பட்டியலில் பச்சையான டெய்லர் போலி ஒன்று அசல் விலையில் இருந்தது. கேட்டதற்கு ‘பழையதுதானே சார்’ என்று பதில் வந்தது. பழையதுதான், யார் இல்லையென்றது? உதிரி ஸ்டாம்பே வேண்டாம், கவராக மட்டும் வாங்குவது என்பது அதனால்தான் என் கொள்கை.

கவராக வாங்குவதில் இன்னொரு லாபம், கடிதம் எப்படிப் போனது என்று படிக்கலாம். என்னுடையதில் பிளட்ஸ் ஆள் கடிதத்தை வாங்கி அரசுத் தபால் நிலையம் வரை கொண்டு சேர்த்திருக்கிறார், அதற்கு மேல் வெளியூர்ப் பயணத்துக்கு 3 சென்ட். இருவருக்கும் தனித்தனிக் கூலி. ஊர்விட்டு ஊர் கடிதம் கொண்டுபோகும் தனியார் வியாபாரத்தை 1845 சட்டம் முடக்கிவிட்டது. லைசாண்டர் ஸ்பூனரின் அமெரிக்கன் லெட்டர் மெயில் கம்பெனிக்கும் அதோடு கணக்கு முடிந்தது. ஊருக்குள் கொண்டுகொடுக்கும் பிளட்ஸ் போன்றவை தப்பின. 1860-இல் நீதிமன்றமே பிளட்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத்தை மாற்றி அந்தக் கதவையும் அடைத்துவிட்டது. முத்திரையில் வருடம் இல்லை. 3 சென்ட்டின் நிறத்தை வைத்து வருடத்தைக் குறுக்கப் பார்க்கிறேன். அந்த ஆரஞ்சுப் பழுப்பு, மங்கல் சிவப்பு வித்தியாசம் விளக்கு மாறினால் தானும் மாறுகிறது, பகல் வெளிச்சம்தான் ஒத்துவருகிறது.

அசல்தானா என்று பார்த்துச் சொல்லும் நியூயார்க் பிலடெலிக் ஃபவுண்டேஷன் சான்றிதழுக்கு அனுப்பலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கட்டணம், போகவர இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்தால் கவரின் விலையையே தொடுகிறது. அதற்குள் சீகல் ஏல நிறுவனத்தின் பழைய விற்பனைப் படங்களைத் துழாவிக்கொண்டிருக்கிறேன். இலவசம், படமும் தெளிவு. அமிலக் கறை எங்கே விழுந்திருக்கிறது, எவ்வளவு பரவியிருக்கிறது என்று ஒப்பிடுவதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அதே விலாசத்துக்குப் போன வேறு கவர் கண்ணில் பட்டால் இரட்டை அதிர்ஷ்டம். கவர் இப்போதைக்கு மைலார் என்ற பாலியெஸ்டர் உறையில் இருக்கிறது. மலிவு பிவிசி உறைகளில் எதையும் வைக்காதீர்கள்.

ஆல்பப் பக்கம் எழுதி முடிக்கவில்லை, அதற்குள் அடுத்ததில் கண் போய்விட்டது. பிளட்ஸுக்கு முன்னோடியான கம்பெனி போட்ட 1843 ஸ்டாம்பில் தொப்பி போட்ட தபால்காரர் மூட்டையோடு பிலடெல்பியாவின் மெர்ச்சன்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தையே தாண்டி நடப்பார். அது கவரோடு வேண்டும் என்றால் சொத்தை விற்க வேண்டும். 1842-இல் நியூயார்க்கில் கிரெய்க் தொடங்கிய சிட்டி டெஸ்பாட்ச் போஸ்ட் பற்றிப் பேசவே வேண்டாம், அமெரிக்கக் கண்டத்தின் முதல் ஒட்டும் ஸ்டாம்பே அதுதான். என் பைக்குள் அடங்குவது வெஸ்ட்டவுன். பென்சில்வேனியாவில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் விடுதிப் பள்ளி, கடிதங்களைத் தபால் நிலையம் வரை சுமந்துபோகும் கூலிக்கு 1853 முதல் தானே ஒட்டிய பொன்னிறக் குட்டி ஸ்டாம்ப். அடுத்த ஏலத்தில் ஒன்று வருகிறது, தொடக்க விலை நியாயமாக இருக்கிறது. முன்பக்கப் படம் மட்டும்தான் போட்டிருக்கிறார்கள். பின்பக்கத்தையும் அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறேன்.